ஒருமுறை அழுத்தினால் நலம்

“செல்போன்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த வாக்கிடாக்கி விளையாட்டு?” என்று சேலத்தில் இருக்கும் என் தங்கை கேட்டாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. அவள் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் லேஅவுட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் காலி மனைகளில் நட்ட எல்லைக்கற்கள்தான் கேட்டுக்கொண்டு நிற்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவர்கள். இரண்டு பேருக்கும் அங்கே, கர்நாடக எல்லையோரத் தொழிற்பேட்டையில் வேலை. எனக்கு வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். அவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். சொந்த வீடு வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு மேட்டில் லேஅவுட் போட்டார்கள், மனை மலிவாகக் கிடைத்தது, கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஏன் மலிவு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

புதுமனை விழாவுக்கு வந்தவர்கள் மொட்டை மாடியில் நின்று காட்டைப் பார்த்து, “ஆஹா, இன்னா காத்து, இன்னா காத்து!” என்றார்கள். ராகி கதிர் பிடிக்கிற மாதத்தில் வந்திருந்தால் அந்த ஆஹா பாதியிலேயே நின்றிருக்கும். அந்த மாதங்களில்தான் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி வந்து சானமாவில் தங்கும். பகலெல்லாம் காட்டுக்குள் நிற்கும். பொழுது சாய்ந்தால் வயலுக்கு இறங்கும், விடிவதற்குள் ரோட்டைத் தாண்டித் திரும்பும். கூட்டமாக வந்தால்கூடப் பரவாயில்லை, சத்தத்தில் தெரிந்துவிடும். ஒற்றை யானை என்று ஒன்று இருக்கிறதே, அது பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரியாது.

எனக்கு இத்தனை பயமும் என் கொழுந்தனை நினைத்துத்தான். என் வீட்டுக்காரருக்கும் அவனுக்கும் வயசு வித்தியாசம் நிறைய. ஐடிஐ படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவன், படித்து முடித்து, கம்பெனியில் கான்ட்ராக்டில் ஓடி, கான்ட்ராக்ட் முடிந்ததும் துரத்திவிடப்பட்டு, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, இன்னும் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுக்குச் சோறு போட்டே என் பாதி வயசு போய்விட்டது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக் காட்டுவேன். அவனும் விடமாட்டான். “அண்ணி போட்ட சோத்துலதான் இப்படி ஒல்லியா கீறன்” என்பான்.

கம்பெனி வேலை போனதும் அவன் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரோஜா ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்தான். பாலிதீன் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாக ரோஜா. வெயில் ஏறுவதற்குள் பூவை வெட்டிக் கட்டி பெங்களூரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். அதனால் இருட்டு பிரிவதற்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு காட்டு ரோட்டில் கிளம்பிவிடுவான். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் நடுவில் ஒரு பள்ளம், ஒரு சிறிய பாலம், இரண்டு பக்கமும் மரம். அங்கே செல்போன் செத்துவிடும்.

“கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் போயேன்டா. ரோஜா எங்கேயாவது ஓடிடுமா?” என்பேன்.

“ஓடாது அண்ணி, விரிஞ்சிடும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?”



போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் அவன் வீடு திரும்பவில்லை. கரண்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் டவரில் இருந்த பேட்டரியும் தீர்ந்து, எங்கள் மூன்று போனிலும் சிக்னல் இல்லை. என் வீட்டுக்காரர் கையில் டார்ச்சோடு வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்தார். என் கொழுந்தனின் பெண்டாட்டி, சின்னப் பெண், படியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவன் சாவகாசமாக வந்து இறங்கினான். ரோட்டில் யானை நின்றதாம், ஷெட்டிலேயே படுத்துக்கொண்டானாம். “மெசேஜ் போட்டனே அண்ணி, வரலையா?” என்றான். அவன் குளித்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கிய பிறகு, ‘யானை நிக்குது, காலைல வரன்’ என்ற அந்த மெசேஜ் என் போனில் வந்து விழுந்தது. வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் இறங்கினால் அடிமட்டம் வரைக்கும் போவார். கம்பெனியில் சேஃப்டி கமிட்டியில் வேறு இருக்கிறார், கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும், அவர் யூடியூப்பில் ஆன்டெனா பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் இன்னொரு சிம் வாங்கினார். ஒரு டவர் போனால் இன்னொன்று இருக்குமாம். அந்த சிம் எங்கோ மேட்டுக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் நல்வரவு சொன்னது. அடுத்த மழையில் இரண்டும் சேர்ந்தே போனது. தரைவழி போன் கேட்டுப் பார்த்தார். லேஅவுட்டுக்குக் கேபிளே இழுக்கவில்லை என்றார்கள். சாட்டிலைட் போன் என்றார். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்று அவரே படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஹாம் ரேடியோ என்றார். அதற்குப் பரீட்சை எழுத வேண்டுமாம். “நீங்க பாஸ் பண்றதுக்குள்ள யானையே ரிட்டயர் ஆயிடும்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ வாங்கி மெழுகுவர்த்திப் பெட்டியோடு வைத்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். புயல், மழை, எந்த மாவட்டத்துக்கு லீவு என்று எல்லாம் சொல்லும். ஆனால் அது சொல்லும், கேட்காது. பள்ளத்தில் ஒருத்தன் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன தெரியும்?

கடைசியில் வாக்கிடாக்கிதான் என்று முடிவானது. அண்ணனும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு மார்க்கெட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன், இல்லாவிட்டால் கடையையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடைக்காரர் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். மலிவாக, பெரிய ஆன்டெனாவோடு ஒன்றை எடுத்துக் காட்டி, இது காட்டையே தாண்டும் என்றார். லைசென்ஸ் வேண்டாமா என்று இவர் கேட்டார்.

“யாரு சார் கேக்கறாங்க அதெல்லாம்?” என்றார் கடைக்காரர்.

“நான் கேக்கறேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் அப்படித்தான். சட்டம் என்றால் சட்டம். லைசென்ஸ் தேவையில்லாத வகையில் சின்ன செட் இரண்டு வாங்கினோம். அதன் டப்பாவில் போட்டிருந்த தூரத்தைப் பார்த்தால் தருமபுரி வரைக்கும் பேசலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு செட்டை எடுத்துக்கொண்டு கொழுந்தன் ஷெட்டுக்குப் போனான். நாங்கள் மொட்டை மாடியில் நின்றோம். கரகரவென்று ஒரு சத்தம், நடுவில் “அண்...”, அப்புறம் “...ட்டுது...”, மறுபடி கரகர. மண் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. கூட்டி வந்த பெண் ஊமை என்று தெரிந்த மாப்பிள்ளை வீட்டார் போல நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. பேசி முடித்துப் பட்டனை விட்டதும் அந்த செட் ‘கீச்’ என்று ஒரு சத்தம் அனுப்பும். அது மட்டும் அப்பழுக்கில்லாமல் வந்தது.

வழி சொன்னது கொழுந்தன்தான். “பேச்சே வேணாம் அண்ணா. நம்ம மிஸ்டு கால் மாதிரி வெச்சிக்கலாம்” என்றான்.

எங்கள் வீட்டு மிஸ்டு கால் ஒரு சட்டம். யார் எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்ய வேண்டும். எடுத்தால் திட்டு விழும். இந்தப் பக்கமிருந்தும் ஒரு ரிங், தெரிந்துகொண்டோம் என்பதற்கு. இரண்டு ரிங் வந்தால் கூப்பிடு, ஏதோ விஷயம். இப்போது எல்லோருக்கும் நாள் முழுக்கப் பேசினாலும் தீராத பேக் இருக்கிறது, ஆனாலும் பழக்கம் விட்டதா? தொழிற்பேட்டையில் பாதிக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. அதையே எடுத்து இந்தச் சனியன் பிடித்த செட்டுக்கு மாட்டினோம். ஒருமுறை அழுத்தினால் போய்ச் சேர்ந்துவிட்டேன், நலம். இரண்டு முறை அழுத்தினால் ஆபத்து, வா. கேட்டவர்கள் பதிலுக்கு ஒருமுறை அழுத்த வேண்டும்.

எங்களுக்கு அது அவ்வளவு சரியாகத் தோன்றியது. சேஃப்டி கமிட்டிக்காரர்கூடத் தலையை ஆட்டினார். ஒரு மாதம் போல அப்படியே நடந்தது. காலையில் நான் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது சமையல் மேடையில் இருக்கும் செட் கீச் என்னும். நான் ஈரக் கையோடு ஒரு கீச் அனுப்புவேன். அப்புறம்தான் எனக்கு மூச்சு சீராக வரும். “அண்ணிக்குச் சொந்தமா ஸ்டேஷன் வெச்சாச்சு” என்று அவன் கேலி பண்ணுவான்.

இந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் நிலைமை மோசமானது. லேஅவுட்டின் கடைசி வீட்டுக்காரர் வாழை வைத்திருந்தார். ஒரு காலையில் பார்த்தால் வாழையும் இல்லை, காம்பவுண்டு சுவரும் இல்லை. சத்தமே கேட்கவில்லை என்றார் அவர். சுவர் விழுந்த சத்தம் எப்படிக் கேட்காமல் போகும்? எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அடுத்த நாள் எங்கள் தெருவிலேயே, பால்காரர் வண்டி நிறுத்துகிற இடத்தில், சாணி கிடந்தது. இரவெல்லாம் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கும் தெருநாய்கள் அந்த வாரம் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வனத்துறை ஜீப் மைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒற்றை யானை ஒன்று பிரிந்து சுற்றுகிறது, இருட்டில் யாரும் காட்டு ரோட்டில் போக வேண்டாம் என்று தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்லிக்கொண்டு போனது.

கொழுந்தன் பெண்டாட்டியை ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்து அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இவர கொஞ்சம் பாத்துக்குங்க” என்றாள். பெரிய மனுஷி மாதிரி, “நான் பாத்துக்கினுதானே கீறன், நீ நிம்மதியா பெத்து எடுத்துக்கினு வா” என்றேன்.

அன்றைக்கு நல்ல பனி. மாடிப்படியில் அவன் இறங்கிவரும் சத்தம் கேட்டு எழுந்தேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, செட்டை ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொண்டு நின்றான்.

“இன்னைக்குப் போவாதடா. ஜீப்புக்காரங்க அவ்ளோ சொல்லிட்டுப் போனாங்க.”

“முகூர்த்த நாள் வருது அண்ணி. இப்ப விட்டா வேற எப்போ? ஷெட்டுல பூ வெட்டற அக்காங்க ரெண்டு பேரும் வந்து காத்துக்கினு இருப்பாங்க.”

“உன் ரோஜாவுல கொள்ளி வெக்க.”

“வெச்சா வாசனையா எரியும்” என்று சிரித்துவிட்டு பைக்கை உதைத்தான். பனிக்குள் அந்தச் சிவப்பு விளக்கு போய் மறைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

அடுப்பில் பால் வைத்தேன். பொங்குவதற்கு முன்னாலேயே செட் கீச்சென்றது. ஒருமுறை.

“அதுக்குள்ளவா?” என்றேன்.

என் வீட்டுக்காரர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். “ரோடு காலியா இருந்திருக்கும். பறந்திருப்பான்” என்றார்.

எனக்கு என்னவோ போலிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் செட்டையே பார்த்தபடி நின்றேன். இன்னொரு கீச் வருகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். வரவில்லை. ஒன்று என்றால் நலம். நலம் என்கிறவனைப் போய் என்னவென்று சந்தேகப்படுவது? பட்டனை ஒருமுறை அழுத்தினேன். பால் பொங்கிவிட்டது. டீயை அவசரமாகக் குடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே செல்போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். அவர் கம்பெனியிலும் அதே கதைதான். ஷிஃப்ட் முடியும் வரை வெளி உலகத்தில் குடி முழுகினாலும் நமக்குத் தெரியாது. பழகிவிட்டது, யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. அன்று நான் என் டேபிளில் உட்கார்ந்து பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பர்ர் என்கிற உலோகப் பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, அளவு சரியா. பக்கத்து டேபிள் பெண் தன் நாத்தனாரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கேன்டீனில் அன்று புளிசாதம், நன்றாகவே இருந்தது, இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் புளிசாதம் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தேன். திரை முழுக்க மிஸ்டு கால். ஷெட்டில் பூ வெட்டும் அக்காவின் நம்பரிலிருந்து காலையில் ஆரம்பித்து வரிசையாக. நடுவில் தெரியாத நம்பர்கள். அந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

“எங்கம்மா போயிட்டே நீ? காலைலருந்து அடிக்கறன், அடிக்கறன்...” என்று அழுதாள். “தம்பி ஷெட்டுக்கே வரல தாயே. ஆஸ்பத்திரில கீறாரு.”

“வந்தானே! வந்துட்டேன்னு சொன்னானே!” என்று நான் கேட்டில் நின்று கத்தினேன். செக்யூரிட்டி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். ஷெட்டில் அவன் வரவில்லை என்றதும், யானை நிற்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான் போல என்று அவர்கள் முதலில் நினைத்திருக்கிறார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஒற்றை யானை நிற்பது பால் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வனத்துறை ஆட்கள் வந்து இரண்டு பக்கமும் ரோட்டை அடைத்து, வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யானை நகரவே இல்லை. பட்டாசு வெடித்தும் நகரவில்லை. பாலத்துக்கு அடியில் ஒரு ஆள் கிடப்பது ஒருவருக்கும் தெரியாது. வெயில் ஏறி அது காட்டுக்குள் போன பிறகு உள்ளே நடந்துபோன வனக்காவலர் ஒருவர்தான் புதருக்குள் பைக் சக்கரத்தைப் பார்த்திருக்கிறார். பைக்குக்கு அடியில் அவன் கால்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. டாக்டர் வெளியே வந்தார். இளவயசுக்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உயிருக்கு இனிமேல் பயமில்லை, ஆனால் இரத்த ஓட்டம் இல்லாமல் ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்ததால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“காலைலயே கொண்டாந்திருந்தா சார்?”

“காலைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

கையெழுத்துப் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அழுதேன். அந்த யானையைச் சபித்தேன், ரோஜாவைச் சபித்தேன், மனை விற்றவனின் பரம்பரையையே இழுத்துச் சபித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவன் ரெண்டு அடிச்சிருப்பான்டி.”

“ஒன்னுதான் வந்துச்சு. நீங்களும்தானே கேட்டீங்க?”

“வந்தது ஒன்னு. பள்ளத்துல கெடந்துக்கினு அடிச்சிருக்கான். ஒன்னு மேல ஏறல.”

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டில் ஒன்று வழியில் தொலைந்தால் மிச்சம் ஒன்று. ஒன்று என்றால் நலம். போனில் மிஸ்டு கால் வந்தால் யார், எத்தனை முறை என்று திரையே சொல்லும். இதில் தொலைந்தது தொலைந்ததுதான். தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதுபோல் கெட்ட செய்தியை நல்ல செய்தியாக மாற்றித் தரும் ஒரு ஏற்பாட்டை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு செய்திருந்தோம். நல்ல செய்திக்கு இரண்டு, ஆபத்துக்கு ஒன்று என்று மாற்றி வைத்திருந்தால்? எதையுமே அழுத்தாமல் போனால் தேடிப் போ என்று வைத்திருந்தால்? இதைச் சிந்திக்க இத்தனை பேருக்கும் மூளை இல்லாமல் போயிற்றே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் அவனைப் பார்க்க விட்டார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தையே பார்த்தேன். உதடு வெடித்து, கன்னமெல்லாம் முள் கீறல். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

“அழாதீங்க அண்ணி. உசுரோட கீறன் இல்ல?”

“பேசாதடா. படு.”

அவன் பேசாமல் இருப்பானா? மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். பாலத்து வளைவில் திரும்பினால் நடுரோட்டில் அது நின்றதாம். பிரேக் பிடித்ததில் வழுக்கி, வண்டியோடு பள்ளத்தில் விழுந்தானாம். அது வந்து மேலே நின்றுகொண்டு கீழே பார்த்ததாம். போனில் சிக்னல் இல்லை. கையை மட்டும் அசைக்க முடிந்தது, ஸ்வெட்டருக்குள் விட்டு செட்டை அழுத்தினானாம்.

“ரெண்டு அடிச்சன் அண்ணி. சரியா ரெண்டு. எண்ணி அடிச்சன்.”

என் வீட்டுக்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க உடனே திருப்பி ஒன்னு அடிச்சீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. அண்ணிக்குக் கேட்டுடுச்சு, அண்ணன் கெளம்பிட்டாருன்னு தெரிஞ்சிக்கினன். மறுபடி அடிக்கலாம்னுதான் இருந்துச்சு. ஆனா அந்தக் கீச் சத்தத்துக்கு அது காதைத் தூக்கிச்சு. அதான் ஆஃப் பண்ணிட்டன். எப்படியும் வந்துடுவீங்கன்னு சத்தம் போடாம படுத்துக்கினு இருந்தன்.”

அந்தப் பள்ளத்தில், காலின் மேல் வண்டியோடு, அவன் எங்களுக்காகச் சத்தம் போடாமல் படுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் என்ன செய்தேன் என்று வரிசையாக மனசில் வந்தது. டீ, பஸ், பக்கத்து டேபிள் பெண்ணின் நாத்தனார் கதை, புளிசாதம்.

அவன் கண்ணைத் திறந்து என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். அதில் குற்றம் சொல்கிற பார்வை துளிகூட இல்லை. ஐடிஐ படிக்கும்போது சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டால் கேட்பானே, அதே மாதிரி கேட்டான்.

“ஏன் அண்ணி அவ்ளோ நேரமாச்சு? யானை வழி வுடலையா?”

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், சட்டம் என்றால் சட்டம். அவர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஆமாப்பா. வழி வுடல. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமே நின்னுக்கினு இருந்தோம்.”

அவன் தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நெனச்சன்” என்றான்.